விஜயலக்ஷ்மி மாமி டைப் அடிச்ச நாலு வரி

விஜயலக்ஷ்மி மாமி செருப்பைக் கழட்டிட்டுத்தான் வேலைக்கு உக்காருவாங்க. பக்தியெல்லாம் ஒண்ணும் இல்லை. எங்க வேலையில காலுக்கடியில ஒரு பெடல் இருக்கும், தையல் மெஷின்ல இருக்குமே, அது மாதிரி. அமுக்கினா டேப் ஓடும், விட்டா நிக்கும். நாங்கள்லாம் ஷூவோட மிதிப்போம். மாமி மட்டும் வெறுங்கால். அதுலயும் கட்டைவிரல் மட்டும்தான். கேக்கறதுல பாதி இந்த வெரல்லயாக்கும் இருக்குன்னு சொல்லுவாங்க.

இது ரெண்டாயிரமாவது வருஷம். மலையாளத்துப் பக்கம் கழக்கூட்டம்ங்கற ஊர்ல ஒரு கம்பெனி, பேரு வேண்டாம். அமெரிக்காவுல டாக்டருங்க பேசி ரெக்கார்ட் பண்ணி அனுப்பறதைக் கேட்டு டைப் அடிச்சுக் கொடுக்கற வேலை. ஹால் முழுக்க அதுதான். ஒரு மூலையில மட்டும் நாங்க ஆறு பேரு, டிவி செக்‌ஷன். எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. அப்பாவுக்கு ஆரியசாலையில மிளகாவத்தல் மொத்தக் கடை. கடையில உக்காரச் சொன்னாரு, தும்மல் தாங்காம இங்க ஓடி வந்துட்டேன்.

மாமி வந்தப்ப அவங்களுக்கு நாப்பத்தாறு. கரமனை அக்ரஹாரம். கல்யாணத்துக்கு முன்னாடி இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவங்க, அப்பறம் இருபத்தஞ்சு வருஷம் ஒரு எழுத்து அடிச்சதில்லை. இண்டர்வியூவுக்கு அந்தப் பழைய சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி எடுத்துட்டு வந்தாங்க. டெஸ்ட்ல நிமிஷத்துக்கு எண்பது வார்த்தை. கீபோர்டை டைப்ரைட்டர் மாதிரிதான் குத்துவாங்க. ஒவ்வொரு வரி முடியறப்பவும் இடது கை தானா மேல எந்திரிக்கும், டைப்ரைட்டர்ல பேப்பரோட நகருமே அந்த வண்டியைத் தள்ளி விடறதுக்கு. வண்டி இருக்காது. கை காத்துலயே ஒரு நொடி நிக்கும், அப்பறம் இறங்கும். நாங்க பின்னால நின்னு அதையே செஞ்சு காட்டிச் சிரிப்போம். மாமிக்குத் தெரியும். "நீங்கள்லாம் சிரிங்கோ, எனக்கு தப்பு வராதே"ன்னுட்டுப் போயிடுவாங்க.

டிவி செக்‌ஷனுக்கு வந்த வேலையிலேயே நான் உயிரை விட்டது ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு. அமெரிக்காவுல உள்ள சமூகப் பிரச்சினைங்களைப் பத்தி ஒரு டாக்குமெண்டரித் தொடர். டாக்குமெண்டரின்னா கொட்டாவி விடற சமாச்சாரம் இல்லை, வயிறு வலிக்கச் சிரிக்கலாம். மஞ்சக் கோட்டு போட்ட ஒரு தடிச்ச ஆளு மைக்கோட போய் நிப்பான். ஒரு ஊர்ல ஃபேக்டரியை மூடிட்டாங்க, ஆயிரத்தி நூத்தி நாப்பது பேருக்கு வேலை போச்சு. இவன் என்ன பண்றான், நாப்பது அடி நீளத்துல ஒரு வாழ்த்து அட்டை, 'இத்தனை நாள் வேலை குடுத்ததுக்கு நன்றி'ன்னு, அத்தனை பேரு கையெழுத்தும் வாங்கி, முதலாளி ஆபீஸுக்குத் தூக்கிட்டுப் போறான். அட்டை லிஃப்டுக்குள்ள போக மாட்டேங்குது. ரெண்டு செக்யூரிட்டிக்காரங்க ஆளுக்கு ஒரு முனையைப் புடிச்சுட்டு எங்க வைக்கறதுன்னு தெரியாம முழிக்கறாங்க. நம்ம ஊர்ல இதே விஷயத்துக்கு செக்ரட்டேரியட் முன்னால பந்தல் போட்டு, கொடி நட்டு, தொண்டை கிழியக் கத்துவோம். அவன் கத்தவே மாட்டான். ரொம்பப் பணிவாப் பேசுவான். பெரிய மனுஷனுங்க மூஞ்சி தொங்கிப் போயிடும். ஆயுதம்னா இதுதான்யான்னு நான் பார்க்கறவங்க கிட்டல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

மாமி கிட்டயும் சொன்னேன். அவங்க யோசிச்சிட்டு, சிரிக்கலாம், ஆனா அட்டையைப் புடிச்சிண்டு நின்ன ரெண்டு பேரும் மாசச் சம்பளக்காராதானேன்னாங்க. உங்களுக்கு ஹ்யூமர் சென்ஸே இல்லை மாமின்னேன்.

எங்க வேலை இது. அங்க எடுத்த பேட்டியெல்லாம் டேப்பா கூரியர்ல வரும். பேட்டி எடுக்கறது ஒரு குழு, நியூயார்க்குல உக்காந்து வெட்டி ஒட்டறது வேற குழு. வெட்டறவங்களுக்கு நூறு டேப்பையும் உக்காந்து கேக்க நேரம் கிடையாது. நாங்க அடிச்சுத் தர்ற பட்டியலைப் படிச்சுப் பார்த்துத்தான் எது வேணும்னு எடுப்பாங்க. எந்த நிமிஷம், யாரு பேசறா, என்ன பேசறா, அவ்வளவுதான் பட்டியல். ரூல் ஒண்ணு இருந்துச்சு: பேட்டி முடிஞ்சு 'தேங்க்யூ' சொன்னப்பறம் பேசற பேச்சு வேண்டாம். மைக் கழட்டறது, காப்பி குடிக்கறியாங்கறது, இந்த மாதிரி.

மாமிக்கு மட்டும் அந்த ரூல் உள்ள இறங்கவே இல்லை. டேப் தீர்ற வரைக்கும் அடிப்பாங்க. 'நாய் குரைக்கிறது, இரண்டு முறை' அப்படின்னுகூட ஒரு தடவை அடிச்சிருந்தாங்க. எங்க ஆறு பேரு அடிச்சதையும் சரி பார்க்கற ஆளு நான்தான். நாய் குரைச்சதை எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாப் படிச்சுக் காட்டுவேன். செக்‌ஷனே சிரிக்கும். அப்பறம் மாமி அடிச்சதுல வால் பக்கம் இருக்கறதைச் சரசரன்னு வெட்டிடுவேன். வெட்ட வெட்ட ஒரு கட்டத்துல படிக்கறதைக்கூட நிறுத்திட்டேன். 'தேங்க்யூ' எங்க இருக்குன்னு பார்ப்பேன், அதுக்குக் கீழ எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரே தட்டு.

ஜூலையில ஒரு டேப் வந்துச்சு. டோரிஸ்னு ஒரு அம்மா. புருஷன் இல்லை, பதினோரு வயசுல ஒரு பையன். அந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டுல தேதி முடிஞ்ச சாப்பாட்டைக் குப்பைத்தொட்டியில போட்டுப் பூட்டு போடறாங்களாம், யாரும் எடுத்துத் தின்னுடக் கூடாதுன்னு. அதைப் பத்தித்தான் பேட்டி. டோரிஸ் வாய்க்கார அம்மா, நல்லாப் பேசினாங்க. பூட்டு வர்றதுக்கு முன்னாடி அந்தத் தொட்டியிலேர்ந்து எடுத்துத்தான் வீட்டை ஓட்டியிருக்காங்க. காரை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்து போவாங்களாம். ஒரு தடவை முழுசா ஒரு பிறந்தநாள் கேக்கு கெடச்சிருக்கு, யாரோ ஆர்டர் கொடுத்து வாங்காமப் போனது. மேல வேற ஒரு குழந்தை பேரு. அதைக் கத்தியால சுரண்டி எடுத்துட்டு, தன் பையன் பேரை எழுதி, அவன் பிறந்தநாளுக்கு வெட்ட வச்சிருக்காங்க. இதைச் சொல்லிச் சிரிச்சாங்க. பேட்டி எடுத்தவனும் சிரிச்சான். தேங்க்யூ டோரிஸ்னான்.

அதுக்கப்பறம் மைக்கைக் கழட்டறப்ப டோரிஸ் குரல் மாறுது. அந்தக் கேக்கு விஷயத்தை மட்டும் போடாதீங்க, மத்தது எல்லாம் போடுங்க, அவனுக்குத் தெரியாது, கடையில வாங்கினதுன்னு நினைச்சுட்டிருக்கான், ஸ்கூல்ல எல்லாப் பசங்களும் உங்க ப்ரோகிராம் பார்க்கறாங்க. அந்த ஆளு செரி செரிங்கறான். டேப் முடியுது.

மாமி இதை ஒரு வார்த்தை விடாம நாலு வரியில அடிச்சிருந்தாங்க. நான் வெட்டினேன். படிக்கவே இல்லை. அதுதான் உண்மை, இதுக்கு மேல என்ன சொன்னாலும் சப்பைக்கட்டு.

செப்டம்பர்ல எபிசோட் ரெடியாகி எங்ககிட்டயே திரும்பி வந்துச்சு. காது கேக்காதவங்களுக்காகத் திரையில கீழ ஓடற எழுத்து இருக்கில்ல, அதை அடிக்கறதுக்கு. ஓண லீவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. ஆபீஸ் வாசல்ல அத்தப்பூக் கோலம் போட்டிருந்தோம், பெண்டுகள் எல்லாம் ஜரிகைக் கரை போட்ட கசவுப் புடவை. மூணு மணிக்குப் பாயசம், அஞ்சு மணிக்கு ஃபைலை அனுப்பிட்டுக் கெளம்பணும், அப்பறம் நாலு நாள் ஆபீஸ் பூட்டு. எபிசோட் அங்க ஞாயிற்றுக்கிழமை ஓடுது.

டேப் மாமிக்குத்தான் போச்சு. நான் பாயசக் கப்போட அவங்க பின்னால நின்னு பார்த்துட்டிருந்தேன், என்னோட ப்ரோகிராம் இல்லையா. மஞ்சக் கோட்டுக்காரன் அந்தக் குப்பைத்தொட்டி பக்கத்துல வெள்ளைத் துணி விரிச்சு மேஜை போட்டு, வெயிட்டரை நிறுத்தி விருந்து வைக்கறான். பிரமாதமா இருந்துச்சு. அப்பறம் டோரிஸ் மூஞ்சி. கேக்குக் கதை முழுசா. உடனே வெயிட்டர் மூடி போட்ட தட்டு ஒண்ணைக் கொண்டு வந்து தெறக்கறான், உள்ள ஒரு கேக்கு, பேரைச் சுரண்டின அடையாளத்தோட. ஸ்டூடியோவுல உள்ள ஜனம் அலறிச் சிரிக்குது. நானும் சிரிச்சேன்.

மாமி கால் பெடல்லேர்ந்து எந்திரிச்சுது. அப்பறம் ஜூலைப் பட்டியலைத் திறந்து கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தாங்க.

"பிரவின், அவ கடசீல சொன்னது எங்கடா?"

எது மாமின்னு கேட்டேன். டோரிஸ் சொன்ன அத்தனையையும் ரெண்டு மாசத்துக்கப்பறம் அப்படியே ஒப்பிச்சாங்க. தேங்க்யூவுக்கு அப்பறம் வேண்டாம்னு ரூல் இருக்கு மாமின்னேன். அவங்க செருப்பைக்கூடப் போடாம வேலாயுதன் சார் ரூமுக்குப் போனாங்க. நான் பின்னாலேயே போனேன்.

வேலாயுதன் சார் எங்க மேனேஜர். கெட்டவர் இல்லை. மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும் மாத்தி மாத்தி விளக்கினாரு. பட்டியல்ல ஒரு வரி விட்டுப் போச்சுன்னு நாமளே எழுதிக் கொடுத்தா, மத்த டேப்புலயும் என்னென்ன விட்டிருக்கோன்னு அவங்க கேப்பாங்க. அடுத்த மாசம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். அதனால முறைப்படி போகணும். யாரு அடிச்சா, யாரு வெட்டினா, ஏன்னு பழைய ஃபைலை எல்லாம் எடுத்து விசாரிச்சு, தப்பு ஃபாரம் பூர்த்தி பண்ணி, அதோட சேர்த்துத்தான் லெட்டர் போகணும். ஓணம் கழிஞ்சு பார்க்கலாம்.

ஓணம் கழிஞ்சா ஞாயித்துக்கிழமையும் கழிஞ்சிடும் சார்னு மாமி சொன்னாங்க.

சார் கடிகாரத்தைப் பார்த்தாரு. நாலு இருபது. "பின்னே, இது ஆரா வெட்டினது?"

மாமி என்னைப் பார்த்தாங்க. முறைக்கல, சாதாரணமாத்தான் பார்த்தாங்க. அந்த ரூம்ல ஒரு காலண்டர் தொங்கும், நான் அதுல தேதி பார்க்கற மாதிரி நின்னேன். என்ன தேதின்னு இன்னைக்குக் கேட்டாலும் தெரியாது. ரெண்டு செகண்டு இருக்கும், மூணு செகண்டு இருக்கும்.

"நான்தான் சார். டைப் பண்ணறச்சே விட்டுப் போச்சு. விசாரிக்க ஒண்ணும் இல்லை, ஃபாரத்தைக் கொடுங்கோ."

அங்கேயே நின்னுட்டே கையெழுத்துப் போட்டாங்க. நாலு நாப்பதுக்கு மெயில் போச்சு. டோரிஸ் சொன்னது அப்படியே, எந்த நிமிஷம் எந்த செகண்டுங்கற கணக்கோட. கீழ ஒரு வரி மாமியே சேர்த்தாங்க: பையன் பார்ப்பான், தயவு செய்து எடுத்துடுங்கோ.

ஓணம் எனக்கு எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. திங்கக்கிழமை வரைக்கும் ஒரு எழவும் தெரியாது. செவ்வாக்கிழமை ஆபீஸ் திறந்தா ரெண்டு வரி பதில் வந்து கெடக்கு. கேக்குப் பகுதியை எடுத்தாச்சு, சொன்னதுக்கு நன்றி. சனிக்கிழமை உக்காந்து மாத்தி வெட்டியிருக்காங்க. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் வழக்கம்போல ஸ்கூலுக்குப் போயிருப்பான். இதையெல்லாம் மாமிகிட்ட போய்ச் சொல்லணும்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள அடுத்த மெயில். இதுவரைக்கும் வந்த எண்பத்திமூணு டேப்பையும் முதல்லேர்ந்து கேட்டு, விட்டுப் போனதை எல்லாம் சேர்த்து அனுப்புங்க.

சார் சொன்ன மாதிரியே ஆச்சு. மூணு வாரம் தினம் ரெண்டு மணி நேரம் கூடுதல் வேலை. செக்‌ஷன்ல எல்லாரும் மாமியைக் கருவினாங்க. கூடுதல் வேலைக்கு 'மாமி விருந்து'ன்னு பேரு வச்சாங்க. சாயங்காலம் ஆனா, இன்னைக்கு விருந்துக்கு இலை போட்டாச்சான்னு ஒருத்தன் கேப்பான், இன்னொருத்தன் பருப்பு எங்கேம்பான். மாமியை டிவி செக்‌ஷன்லேர்ந்து எடுத்து டாக்டருங்க பக்கம் போட்டுட்டாங்க, புதுசாச் சேர்ந்த பொண்ணுங்களோட பெஞ்சுல. நான் செக்‌ஷன் ஆளுங்களோட உக்காந்து டேப் கேட்டேன். வெட்டினது எல்லாம் நான் வெட்டினது. இலை போட்டாச்சான்னு கேட்டப்ப ஒரு நாள் நானும் சேர்ந்து சிரிச்சேன். மாமி அந்தப் பக்கத்துலேர்ந்து திரும்பிப் பார்த்தாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை கரமனைக்குப் போனேன். கொஞ்சம் ஆப்பிள் வாங்கிட்டு, பேஷண்டைப் பார்க்கப் போற மாதிரி. மாமிதான் கதவு திறந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் சேஷன் மாமா உள்ள பேப்பர் படிச்சுட்டிருந்தாரு. நான் வந்தது ஏன்னு மாமிக்குத் தெரியும்போல, மாமா காப்பித்தூள் வாங்கிண்டு வரட்டும்னு அவரை வெளிய அனுப்பிட்டாங்க.

அப்பத்தான் மாமா விஷயத்தைச் சொன்னாங்க. (இதை எழுதலாமான்னு மாமிகிட்டயும், மாமாகிட்டயும், அவங்க பொண்ணு விஷ்ணுப்ரியாகிட்டயும் கேட்டுட்டேன். எழுதினதையும் கொண்டு காட்டினேன். மாமி ஒரு விஷயத்தை எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன்.) மாமா ஒரு தனியார் ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்தவரு. தொண்ணூத்தேழுல ஆபீஸை மூடிட்டாங்க. ஐம்பது வயசுல யாரு வேலை தர்றா. அவங்க ஜாதியில திவசத்துக்கு ரெண்டு பேரைக் கூப்பிட்டு, செத்துப் போனவங்க இடத்துல உக்கார வச்சுச் சாப்பாடு போட்டு, வேஷ்டியும் தட்சிணையும் கொடுப்பாங்க. பிராமணார்த்தம்னு பேரு. அதையே பொழப்பாச் செஞ்சா தெருவுல மதிப்புக் கிடையாது, ஆபீஸ்ல இருந்த மனுஷனுக்குக் கேக்கவே வேண்டாம். அதனால மாமா இங்க போகல. வடிவீஸ்வரம், சுசீந்திரம்னு நாகர்கோவில் பக்கம் போனாரு. நாகர்கோவில் பஸ்ஸு கரமனை வழியாத்தான் போகும், வாசல்லேயே ஏறலாம். ஏற மாட்டாரு. தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய் அங்க ஏறுவாரு. பஸ்ஸு திரும்பி கரமனையைத் தாண்டறப்ப எதையோ கீழ போட்டுட்ட மாதிரி குனிஞ்சுப்பாரு. பொண்ணு கிட்ட நாகர்கோவில் பிராஞ்சுல வேலைன்னு சொல்லி வச்சிருந்தாங்க. வீட்டுல புது வேஷ்டியா அடுக்கு ஏறிட்டே போச்சு. ஏம்ப்பா இத்தனை வேஷ்டின்னு ப்ரியா கேட்டா, பிராஞ்சு மேனேஜருக்கு ஜவுளிக்கடை இருக்குன்னாங்களாம். மாமி இதைச் சொல்றப்ப நிஜமாவே சிரிச்சாங்க. ஒண்ணரை வருஷம். அப்பறம்தான் அந்த லேமினேட் பண்ண சர்டிபிகேட்டை எடுத்துட்டு மாமி வேலைக்கு வந்தது.

நான் அழுதுட்டேன். நான்தான் மாமி வெட்டினது, தெரியுமா உங்களுக்குன்னேன்.

"தெரியாம என்ன? அடிச்சது நான், எனக்குத் தெரியாதா."

எனக்காக ஏன் மாமி பழியை எடுத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். கேட்ட தொனியிலேயே ஒரு நெகிழ்ச்சி இருந்துச்சு, மாமி எம்மேல பாசத்துல பண்ணாங்கன்னு மனசுக்குள்ள நானே எழுதி வச்சுட்டேன்.

மாமி ஆப்பிள் பையை என் பக்கம் நகர்த்தி வச்சாங்க. "உனக்காகன்னு நெனச்சிண்டியா? மணி நாலு இருபது. அந்தாள் விசாரிக்க ஆரம்பிச்சா இருட்டிடும். நீ சொல்லுவேன்னு பார்த்தேன், நீ காலண்டரைப் பார்த்தே. அவ்வளவுதான். அந்தப் பொம்மனாட்டிக்காகப் பண்ணினேன். உன்னை எனக்குப் பிடிக்கவே இல்லைடா இப்போ."

அப்பறம் காப்பி கொடுத்தாங்க. குடிச்சேன். வேற என்ன பண்றது.

திங்கக்கிழமை காலையில முதல் வேலையா வேலாயுதன் சார் கிட்ட போய் நின்னேன். வெட்டினது நான், மாமி இல்லைன்னேன். அவர் ஃபைல்லேர்ந்து தலையைத் தூக்கிப் பார்த்தாரு. காண்ட்ராக்ட் கையெழுத்தாகப் போற வாரம். ஃபாரம் போயாச்சு, திரும்ப எழுதினா நாம பொய் சொன்னோம்னு ஆகும், மாமி பேரும் சேர்ந்து கெடும்னாரு. "போட்டே, விட்டேக்கு. போய் ஜோலி நோக்கு." போகட்டும் விடு, போய் வேலையைப் பாருன்னு கையால கதவைக் காட்டினாரு.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். எழுதியே கொடுத்திருக்கலாம், மாமியை டிவி பக்கம் கொண்டு வாங்கன்னு நின்னிருக்கலாம். நான் செரி சார்னேன். வெளிய வந்து கதவைச் சாத்தினப்ப நெஞ்சுல ஒரு பாரம் இறங்குச்சு பாருங்க, வேலை போகல, மாட்டிக்கல, சொல்ல வேண்டியதையும் சொல்லியாச்சுன்னு. அந்த நிம்மதி இருக்கே, மூணு வருஷம் ஆச்சு, இன்னைக்கும் நினைச்சா உடம்பு கூசுது.

ஹாலைத் தாண்டி என் சீட்டுக்குப் போகணும். டாக்டருங்க பெஞ்சுல மாமி காதுல ஹெட்ஃபோனோட அடிச்சுட்டிருந்தாங்க. யாரோ ஒரு டாக்டர் யாரோ ஒருத்தரோட முழங்காலைப் பத்திப் பேசிட்டிருந்திருப்பாரு. என்னைப் பார்த்துட்டு ஒரு பக்கக் காதை மட்டும் விலக்கினாங்க.

"சொன்னியா?"

"சொன்னேன் மாமி."

"என்ன சொன்னார்?"

விடச் சொன்னாருன்னேன். மாமி என்னையே பார்த்தாங்க, அதுக்கு நீ என்ன சொன்னேன்னு கேப்பாங்கன்னு நின்னேன். கேக்கல. ஹெட்ஃபோனைத் திரும்பக் காதுல வச்சுட்டு, வெறுங்காலால பெடலைத் தேடினாங்க.